சிறை முற்றத்திலே திறந்த வெளி

நியூயோர்க் நகரின் கிழக்காற்றிலுள்ள பிளாக்வெல் தீவுச் சிறையில், 1914ஆம் ஆண்டு ஏறக்குறைய 700 பெண்கள் 150 அறைகளுக்குள் நெருக்குண்டு கிடந்தனர். அவர்களுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் மேரி பெல் ஹாரிஸ் அம்மையார். சிக்காகோ பல்கலைக்கழகத்திலே சமஸ்கிருதம் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். சிறைக்கு இப்படியும் ஒருவர் வரலாம் போலும்!

முற்றத்தில் ஒரு பகுதியை வேலியிட்டுப் பிரித்து, நாள்தோறும் திறந்த வெளியிலே உடற்பயிற்சி செய்ய அவர் வழிவகுத்தார். அறைகளிலே சீட்டாடவும் பின்னல் பின்னவும் இசைவளித்தார். தண்டனை பெற்றவர்க்கு விளையாட்டு எதற்கு எனக் கேட்போர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆயினும், கூனிக் குறுகிக் கிடந்த உடலோடு வெளியேறுபவள் எந்தத் தொழிலைச் செய்து பிழைப்பாள்?

1927இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஓல்டர்சனில், அமெரிக்க மத்திய அரசு பெண்களுக்கென முதற் சிறையைத் திறந்தபோது, அம்மையாரே அதன் தலைவியானார். அச்சிறையைச் சூழ மதில் எழுப்பப்படவில்லை.