தரையில் விடப்பட்ட மின்கலம்

அச்சுவேலித் தோட்டங்களிலே நீரிறைக்கும் சிறு மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கயிறு சுற்றி இழுத்து இயக்குவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதில் மின்கலம் இல்லை. சுழலும் சக்கரத்திற் பதித்த காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்னைப் பிறப்பிக்கின்றது. பொறிக்கு மின்னை எங்கிருந்து பெறுவது என்னும் பழைய வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளுள் இதுவும் ஒன்று.

பறக்கும் இயந்திரத்தில் இவ்வினா கடுமையாயிற்று. அங்கே ஒவ்வோர் அவுன்சும் சுமையே. 1903 டிசெம்பர் 17 இல் ரைற் சகோதரர் தம் இயந்திரத்தைத் தொடக்குவதற்கு நான்கு உலர்மின்கலங்களையும் ஒரு சுருளையும் பயன்படுத்தினர். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவற்றைத் தரையில் விட்டு, மக்னிற்றோவின் துணையுடன் எழுந்தனர்.

மாதிரி விமானம் செய்தோருக்கோ மக்னிற்றோவே பெரும் பாரம். 1930களில் அமெரிக்காவிற் பரவிய பிறவுண் ஜூனியர் போன்ற சிற்றியந்திரங்களுக்காக, தூண்டற் சுருள், ஒடுக்கி, உலர்மின்கலம் மூன்றையும் அவ்விமானங்கள் சுமக்க வேண்டியிருந்தது. எந்த மின்கலத்தைத் தெரிவது? பெரியது விமானத்தை நிலத்தோடு பிணைக்கும். சிறியதோ அகத்தடை மிகுந்தது. சுருள் கேட்கும் மின்னோட்டத்தை வழங்குகையில் அதன் அழுத்தம் விழும், பொறியும் நலியும். ஆதலால் பெரிய கலத்தால் தரையில் இயந்திரத்தைத் தொடக்கி, பறப்புக்குச் சிறுகலத்தை இணைத்தனர். 1947 இல் றே ஆடன் சந்தைக்குக் கொணர்ந்த குளோ பிளக் இத்தொல்லையை நீக்கியது. அதன் பிளாற்றினக் கம்பி தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ற்றுக் கலத்தாற் சூடேறும். பின்னர் எரிதலின் வெப்பத்தாலும் மெதனோலுடன் நிகழும் வினையாலும் தானே கனன்று நிற்கும். மின்கலம் மீண்டும் தரையில் நின்றுவிட்டது.

அரியதைத் தொடக்கத்துக்கு மட்டும் செலவிடும் இந்த உபாயத்தை யாழ்ப்பாணம் வேறொரு நெருக்கடியிற் கற்றது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் அற்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் எரிபொருளோடு உலர்மின்கலமும் இருந்தது. காந்தப் பொறி கொண்ட இயந்திரத்துக்கு மின்கலத்தடை ஒரு பொருட்டன்று. அதன் இடர் எரிபொருளே. மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலினால் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை மிகுந்தது, ஆயினும் வண்டி ஓடிற்று.

வானொலிக்கு இவ்வுபாயம் பயன்படவில்லை. அது பேசும் நேரமெல்லாம் மின் வேண்டும். ஓய்ந்த கலங்களை வெயிலிற் காயவைத்தாற் சற்றே உயிர்பெறும், மறுபடி ஓயும். ஈற்றில் சைக்கிள் டைனமோவே கைகொடுத்தது. ஒருவர் சில்லைச் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் பி.பி.சி. தமிழோசையைச் செவிமடுத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்கச் சில இருவாயிகளும் வேண்டியிருந்தன. பொறியியற் பாடநூல் இதனையொரு தொழினுட்பத் தெரிவாகக் கொள்ளாது. வரலாற்று மாணவன் கொள்ளவேண்டும் என்பேன். கை ஓய்ந்தாற் செய்தி அறுந்துவிடும். அறுந்த வாக்கியத்திலேதான் அன்று குண்டு விழுந்த ஊரின் பெயர் இருந்திருக்கலாம்.

1995 அக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கைக்கெட்டிய பொருள்களைச் சைக்கிள்களிற் கட்டி உருட்டிச் சென்றனர். நீரிறைத்த இயந்திரங்களுட் பல கிணற்றடியிலேயே நின்றன.