சமைந்த பெண்ணும் சமைக்காத முட்டையும்

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில், அர்ச்சுனா ஆற்றை மறித்துக் கட்டிய அணையை ஒட்டியிருக்கிறது ஆனைக்குட்டம். இவ்வூரையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் பட்டாசோடு மட்டுமே சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. நாம் இங்கே எழுத முனைவது இப்பக்கத்து வீடுகளில் பஞ்சாரத்துக்குள் அடைபடும் கோழியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் பச்சை முட்டையைப் பற்றி.

தென்மாவட்டங்களில் பெண் சமைந்தால் (இச்சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்) அவளைத் தனியே உட்காரவைத்து, விடிகாலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் உண்டு. முட்டையின் உச்சியில் சிறு துளையிட்டு அப்படியே வாயில் கவிழ்ப்பார்கள். காலியான அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்கச் செய்வார்கள். பிறகு உளுந்தங்களி. இடுப்பெலும்பு உரம் பெறும், நாளைக்குப் பிள்ளைப்பேறு சிரமமின்றி நடக்கும் என்பது நம்பிக்கை. குமட்டிக்கொண்டு வருகிறது என்று பிள்ளை முகம் சுளித்தால் அப்பத்தா மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் காலை வேளையில் அச்சிறுமியிடம் விருப்பம் கேட்பவர் எவருமில்லை.

சோறு பக்குவமடைவதற்கும் பெண் பக்குவமடைவதற்கும் 'சமைதல்' என்ற ஒரே வினையை வைத்திருக்கும் மொழி நம்முடையது. சமைந்தவளுக்குச் சமைக்காததைக் கொடுக்கிறோம் என்பது அப்பத்தாக்களுக்கு ஏன் உறுத்தவில்லை என்று நாம் வியந்ததுண்டு. உறுத்தாததற்கு ஒரு நியாயம் இருந்தது. அது வீட்டுக் கோழி. அன்று காலையோ முந்தின நாளோ இட்ட முட்டை. அதில் கிருமி இருந்திருந்தாலும் பெருகுவதற்குப் பொழுது கிடைத்திராது. மீறி வயிறு கடுத்துப் பேதியானால் 'சூடு பிடித்துவிட்டது' என்ற விளக்கம் கையிலேயே இருந்தது. முட்டை சூடு, எண்ணெய் குளிர்ச்சி, ஆகவே கணக்கு நேர்.

அக்கிருமியின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. 1885இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் பன்றிகளிடமிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். பெயரோ அவருடைய மேலதிகாரியான டேனியல் சால்மனுக்குப் போயிற்று: சால்மோனெல்லா. (அலுவலகங்கள் எல்லாக் காலத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கின்றன.) 1888இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் கார்ட்னர், நோய்கண்ட மாட்டின் இறைச்சியால் மக்கள் நோயுற்ற ஒரு சம்பவத்தை ஆராய்ந்து இதன் உறவுக் கிருமியொன்றைக் கண்டார். இன்று என்டரிடிடிஸ் என வழங்கும் அவ்வகைதான் முட்டையோடு நெருங்கிய தொடர்புடையது.

முட்டையின் அழுக்கு ஓட்டின்மேல்தான் இருக்கும், கழுவிவிட்டால் போகும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. என்டரிடிடிஸ் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. கோழியின் சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடியேறி, ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடும் ஆற்றல் அதற்குண்டு. கோழியைப் பார்த்தால் நோயின் சாயல்கூடத் தெரியாது. வெண்கருவில் கிருமியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன; ஆனால் முட்டை பழசாகப் பழசாக மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு நலிந்து சத்து வெளியே கசியும். வெக்கை மிகுந்த ஊரில் இந்நலிவு விரைவு. கந்தக பூமியின் சித்திரை வெயிலில் கடைவாசலில் அடுக்கிய அட்டைத் தட்டுகளை எண்ணிப் பார்க்கலாம்.

1988 டிசம்பர் 3ஆம் தேதி, பிரிட்டனின் சுகாதாரத்துறை இணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லா தொற்றியது என்று பொருள்பட அறிவித்தார். முட்டை விற்பனை சரிந்தது, பண்ணையார்கள் கொதித்தனர், இரண்டே வாரத்தில் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் மிகைப்படுத்தினார் என்பது உண்மை. பிரச்சினை மெய் என்பதும் உண்மை. 1998 முதல் முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் ஏற்பாடு அங்கே பரவலாயிற்று. 2017இல், சிங்க முத்திரையிட்ட முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூடப் பச்சையாக உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத்தர அமைப்பு சொல்லும் நிலை வந்தது. அந்த அனுமதி முட்டைக்கு அல்ல, முத்திரையின் பின்னாலிருந்த முப்பதாண்டு உழைப்புக்கு. ஜப்பானில் சுடுசோற்றில் பச்சை முட்டை உடைத்து உண்பதை எடுத்துக்காட்டி வாதிடும் நண்பர்களுக்கும் நம் பதில் இதுவே.

இன்னொரு சம்பவம் நமக்கு அதிகம் பாடம் சொல்வது. 1994இல் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் உண்ட 2,24,000 பேர் நோயுற்றிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஐஸ்கிரீம் கலவை முறைப்படி சூடேற்றிக் கிருமி நீக்கியதுதான். ஆனால் அதை ஏற்றிவந்த டாங்கர் லாரிகள் அதற்குமுன் பச்சை முட்டைக் குழம்பைச் சுமந்தவை. ஒரு கெட்ட முட்டை ஒருவர் வயிற்றோடு நின்றுவிடும். நூறு முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்தால் அந்த ஒன்று நூறு வயிறுகளுக்கும் வழி கண்டுபிடித்துவிடுகிறது.

விருதுநகர் பரோட்டாக் கடைகளில் கலக்கியும் ஆஃபாயிலும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். கலக்கியின் நடுவே ததும்பும் குழைவு கிருமி சாகும் 70 பாகைச் சூட்டை எட்டியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் மாஸ்டர் டம்ளரில் உடைத்து அடிப்பது ஒரு முட்டை, சாப்பிடுபவர் ஒருவர், அதுவும் உடனே. மயோனைஸ் அப்படியல்ல. பல முட்டைகளை எண்ணெயோடு சேர்த்து அடித்து, அடுப்பே காட்டாமல், மாலை முதல் நள்ளிரவு வரை பிதுக்கிப் பிதுக்கிப் பரிமாறுகிறார்கள். வினிகரோ எலுமிச்சையோ போதிய அளவு சேர்ந்தால் புளிப்பு கிருமியைக் கொல்லும். நாவுக்கு இதமாக இருக்கட்டும் என்று புளிப்பைக் குறைத்தால் அந்தக் காவலும் போயிற்று.

2023 ஜனவரியில் கேரளமும், 2024 அக்டோபர் இறுதியில் தெலங்கானாவும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை விதித்தன. இரண்டுக்கும் முன்னால் உணவகச் சாப்பாட்டை உண்டவர்கள் இறந்த செய்தி இருந்தது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதன் தயாரிப்பும் விற்பனையும் தடுக்கப்பட்டன. இதற்கு முன், 2023 செப்டம்பரில், முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலேயே ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஷவர்மாவில் இறைச்சியும் உண்டு. பழி முழுவதையும் முட்டைமேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் அப்பெண்ணின் வயது நம்மை உறங்கவிடவில்லை. சடங்கு வீட்டில் முட்டை ஓட்டை ஏந்தி உட்கார்ந்திருப்பவளின் வயதும் ஏறத்தாழ அதுதான்.

அயல் பெயர் கொண்ட ஒரு குழம்பாக வந்தபோதுதான் பச்சை முட்டை நம் பொதுவாழ்வில் ஆபத்தெனப் பேசப்பட்டது. வீட்டு மூலையில் அப்பத்தா கொடுப்பதற்கு எந்த அரசாணையும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் முட்டை மாறிவிட்டது. பட்டாசு ஆலை வேனுக்கு விடியலில் ஓடும் தாய்க்குக் கோழி வளர்க்க நேரமேது? 'நாட்டுமுட்டை' என்று கடையில் வாங்குவது எந்தக் கோழி, எந்த நாளில் இட்டது என்பதை யாரறிவார்? உண்ட 6 மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் காய்ச்சலும் கழிச்சலும் வந்தால், துண்டுக்கூலி வேலைக்காரியின் வீட்டில் அது சில நாள் கூலியையும் கொண்டுபோகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உயிராபத்தாகவும் முடியலாம்.

ஊட்டம் என்ற வாதமும் நிற்கவில்லை. 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தபோது, வெந்த முட்டைப் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு உடலில் செரித்தது. பச்சையில் 51 விழுக்காடுதான். இதை நம் அரசு ஆய்வுக்கு முன்பே செய்துகொண்டிருந்தது என்பதில் நமக்குச் சிறு பெருமை. விருதுநகர்க்காரரான காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவு, 1982இல் சத்துணவாயிற்று. 1989இல் அதில் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த முட்டை 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. அவித்த முட்டைதான் அத்தனையும்.

சென்ற ஆண்டு எங்கள் உறவில் ஒரு சடங்கு வீட்டில் இதையெல்லாம் அப்பத்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவிச்சுக் குடுத்தா எண்ணெயை எதுல அளக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய் ஒரு குழிக்கரண்டியை எடுத்துவந்தார்.