டேடோ: சுவரின் பீடம்

குளியலறையிலும் சமையலறையிலும் சுவரின் கீழ்ப்பாகத்தில் பதிக்கும் டைல்ஸை 'டேடோ' என்று கொத்தனார்கள் சொல்லக் கேட்டிராதவர், வீடு கட்டியவர்களுள் அரியர். இச்சொல்லின் சரித்திரத்தை அறிந்தால், சுவரைப் பிரித்து அலங்கரிக்கும் முறைக்குரிய காரணமும் தானே விளங்கும்.

இத்தாலிய பாஷையில் 'தாதோ' என்றால் சூதாடும் பகடை. மறுமலர்ச்சிக் காலத்துச் சிற்பிகள், ஸ்தம்பத்தைத் தாங்கும் பீடத்தை அடிவரி, நடுக்கட்டம், மேல்வரி என மூன்று அங்கங்களாக வகுத்து, அவற்றுள் பகடைபோலச் சதுரித்து நிற்கும் நடுக்கட்டத்துக்கு அப்பெயரை இட்டார்கள். அவர்களுள் ஒருவராகிய விஞோலாவின், 1562-இல் வெளிவந்த சிற்பநூல், மொத்த உயரத்தைப் 19 பங்காக்கி, பீடத்துக்கு 4, தூணுக்கு 12, மேற்கட்டுக்கு 3 என்று விதித்தது.

17-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை ஏற்ற ஆங்கிலேயர், அடுத்த நூற்றாண்டில் அதை அறைச் சுவருக்கும் உரியதாக்கினர். சுவர் முழுவதையும் ஒரு ஸ்தம்பமாகவே பாவித்து, தரையோரப் பலகையை அடிவரியாகவும், இடுப்பளவில் ஓடும் மரச்சட்டத்தை மேல்வரியாகவும் கொண்டமையால், இடைப்பட்ட பரப்பு டேடோ ஆயிற்று. 14 அடிச் சுவரில் பத்தொன்பதில் நான்கு பங்கு ஏறக்குறைய 3 அடி; நாற்காலியின் முதுகு உராய்ந்து சுண்ணச்சாந்தைப் பெயர்க்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே. அழகின் விதியும் உபயோகத்தின் தேவையும் இவ்வாறு ஒரே கோட்டிற் சந்தித்தன.

இதனோடு சேர்த்து வழங்கும் 'வெயின்ஸ்காட்' என்னும் சொல், கீழ் ஜெர்மானிய பாஷையிலிருந்து வந்தது. பால்டிக் கடல்வழியே இங்கிலாந்துக்கு இறக்குமதியான உயர்தர ஓக் மரத்தின் பெயராக முதலில் வழங்கிய அது, பின்னர் எம்மரத்தாலாயினும் சுவரில் அடித்த பலகைவேலைக்குப் பொதுப்பெயராயிற்று. அப்பலகைவேலை தனவந்தர்க்கே எட்டியது. லினோலியம் என்னும் தரைவிரிப்பைக் கண்டுபிடித்த பிரெடரிக் வால்ட்டன், காற்றில் இறுகிய ஆளிவிதை எண்ணெயோடு மரத்தூளைக் குழைத்து, சித்திரம் வெட்டிய உருளைகளில் அழுத்தி, 1877-இல் 'லின்க்ரஸ்டா' என்னும் சுவர் உறையைப் படைத்த பிறகுதான், செதுக்கிய மரத்தின் தோற்றம் நடுத்தர இல்லங்களுக்கும் கிட்டியது. 1887-இல் தாமஸ் பால்மரின் 'அனாக்லிப்டா' காகிதக்கூழால் அதை இன்னும் இலேசாக்கியது.

நம் நாட்டிலும் இவ்வலங்காரம் அபூர்வமன்று. செட்டிநாட்டு மாளிகைகளில் ஜப்பானிலிருந்து வந்த பூவேலை ஓடுகள் சுவரின் கீழ்ப்பாகத்தை இன்றும் அலங்கரிக்கின்றன. இக்காலத்து அடுப்பு மேடைக்கு மேலே பதிக்கும் டேடோ, பீடம் என்னும் வடிவத்தை இழந்துவிட்டாலும், எண்ணெய்ப் பிசுக்கும் நீர்க்கறையும் சுவரில் ஏறாமற் காக்கும் கடமையை இழக்கவில்லை.

ஆதலின், டேடோ பதிக்க விரும்புவோர் இத்தனை சதுர அடி என்று கணக்கிடுவதோடு நில்லாமல், அடியில் ஸ்கர்ட்டிங்கும் மேல்விளிம்பில் ஒரு பார்டர் வரிசையும் அமையும்படி கொத்தனாரிடம் சொல்லிவைப்பது நன்று. அவ்விரு வரம்புகளும் அமைந்தால்தான் அந்தப் பெயருக்குரிய இலக்கணம் பூர்த்தியாகும்.