சேகரம் (திருநெல்வேலித் திருச்சபை)

சேகரம் என்பது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் அடிப்படை அலகு. அக்கம்பக்கத்துச் சபை ஊர்கள் சில சேர்ந்தது ஒரு சேகரம். அதற்கு ஒரு குருவானவர் பொறுப்பாளர். ஊர்தோறும் ஓர் ஆலயம், பெரும்பாலும் அதை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி, வாரந்தோறும் ஆராதனை நடத்த ஓர் உபதேசியார், வரவு செலவு பார்க்கச் சபை மக்கள் தெரிந்தெடுத்த கமிட்டி. குருவானவர் முறைவைத்து ஊர் ஊராக வந்து இராப்போஜனம் பரிமாறுவார்.

ஏட்டில் எழுதினால் இது ஒரு நிர்வாக ஏற்பாடு, அவ்வளவே. ஆனால் தென்பாண்டிச் சீமையின் புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவம் இந்த ஏற்பாட்டுக்குள்தான் தன் குணத்தைப் பெற்றது. கிறிஸ்துவின் அழைப்புக்குத் தனி ஆள் பதில் சொல்வதோடு நில்லாமல் சபையாகக் கூடிப் பதில் சொல்வதும், கையில் ஒன்றும் இல்லாதபோது கடவுளை நம்பிச் சபையாகவே அடுத்த அடி எடுத்து வைப்பதும் இங்கே வழக்கமாயின. சீஷத்துவம், அதாவது கிறிஸ்துவின் சீடராய் வாழ்வது, என்ற சொல்லை இவ்வூர்களின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்திருச்சபையின் தொடக்கம் ஒரு பெண். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவையான கிளாரிந்தா பாளையங்கோட்டையில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமின்றி வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அந்தச் சிறு கூட்டத்துக்காகக் கிளாரிந்தா முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றது. அவர் வெட்டிய கிணறும் அவர் பெயராலேயே அறியப்பட்டது. அ. மாதவையா 1915இல் வெளியிட்ட ஆங்கில நாவல் இவருடைய கதைதான். குரு இல்லாத இடத்தில் சபையைக் கூட்டிச் சேர்த்தவர் என்ற வகையில், திருநெல்வேலித் திருச்சபையின் தாய் என்று இவரைச் சொல்வதே பொருந்தும்.

பிறகு வந்த ஊழியர்களில் இருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டையை மையமாகக் கொண்டு ஊழியம் செய்தார். சாத்தான்குளத்துக்கு அருகே காலங்குடியில் பிறந்த தாவீது சுந்தரானந்தம், தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி உபதேசியாராகத் தம் சொந்தச் சீமைக்கே திரும்பினார். தம் உறவினரிடமே முதலில் பேசினார். பனையேறிக் குடும்பங்கள் கூட்டமாகச் சபையில் சேர்ந்தன. எதிர்ப்பும் கூட்டமாகவே வந்தது. ஜெபக் கூரைகள் கொளுத்தப்பட்டன, சேர்ந்தவர்கள் அடிபட்டார்கள். இருக்கும் ஊரில் இருக்க முடியாது என்றானபோது, பாளையங்கோட்டையிலிருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பண உதவியோடு தேரிக்காட்டு ஓரமாக நிலம் வாங்கி 1799இல் அவர்களைக் குடியேற்றினார் தாவீது. அதுவே முதலூர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டு அது. பாளையக்காரர்களுக்கும் கும்பெனிக்கும் போர் மூண்டிருந்த சீமையில், இரண்டு பக்கமும் சாராத ஏழைகள் சிலர் ஒரு கிணற்றையும் ஒரு ஜெபக் கூரையையும் நம்பிக் குடிபெயர்ந்தனர்.

முதலூரின் வழியில் நாசரேத், பெத்லகேம், எருசலேம் என்று வேதாகமப் பெயர் தாங்கிய குடியிருப்புகள் எழுந்தன. 1802இல் மிஷனெரி கெரிக்கே ஐயர் இப்பகுதியைச் சுற்றி வந்தார். அவர் போனபின் சத்தியநாதன் அந்த வேலையைத் தொடர்ந்தார். சில மாதங்களுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல்.

இவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பது பழைய வாதம். வரியிலிருந்தும் மேல்சாதியார் கொடுமையிலிருந்தும் ஒதுங்க நிழல் தேடினார்கள் என்பது ஒரு தரப்பு. நிழல் தேடியது உண்மைதான். ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது. 1806க்குப் பிறகு பாளையங்கோட்டைச் சபைகளுக்கு நிலையான ஐரோப்பிய மிஷனெரி யாரும் இல்லை. பணம் வரவில்லை, பாதுகாப்பும் இல்லை. சிலர் விலகினார்கள். 1816இல் ராணுவச் சபைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹப், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் ஆபிரகாம் என்ற ஒரே தமிழ்க் குருவின் கீழ், ஊர் உபதேசியார்களின் கையில், கலையாமல் இருப்பதைக் கண்டார். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தும் ஞாயிறுதோறும் கூடியவர்களை நிழலுக்கு ஒதுங்கியவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

1820இல் மிஷனெரியாக வந்த ரேனியஸ் ஐயர் இந்தச் சிதறிய சபைகளுக்கு அமைப்பைக் கொடுத்தார். ஊருக்கொரு பள்ளி, உபதேசியார்களுக்கு ஒழுங்கான பயிற்சி, மாதக்கூட்டம் என்று அவர் போட்ட ஒழுங்கே பின்னாளில் சேகரமாக வளர்ந்தது. பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா அனுப்பிய நன்கொடையால் 1827இல் தோனாவூர் உருவானது. எப்போதும் வெளிநாட்டுப் பிரபுவையே எதிர்பார்க்க முடியுமா? 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது. ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்கச் சபையார் தாங்களே காசு சேர்க்கும் ஏற்பாடு இது. இன்று பிழைக்க இடம் பெற்றவன், நாளை இன்னொருவன் இடத்துக்குக் கொடுத்தான். சபையாகக் கடவுளை நம்புவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் வேறில்லை. திருச்சபை ஒழுங்குகளைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் 1835இல் ரேனியஸ் தம்மை அனுப்பிய மிஷனெரி சங்கத்தால் நீக்கப்பட்டார். சபைகள் இரண்டாகப் பிளந்து நின்றன. 1838இல் அவர் பாளையங்கோட்டையில் இறந்தபின் அந்தப் பிளவு ஆறியது.

அடுத்த தலைமுறை மிஷனெரிகளின் பெயர்கள் ஊர்களோடு ஒட்டிக்கொண்டன. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் ஜி.யு. போப், நாசரேத்தில் மர்காசியஸ். மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரத்தின் உயரம் 192 அடி. இடையன்குடி ஆலயம் கட்டி முடிய 33 ஆண்டுகள் ஆயின. 1880இல் பிரதிஷ்டை நடந்தது. இவற்றைக் கட்டிய கைகள் பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் பிழைத்தவர்களுடையவை. கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் 1830இல் ஆங்கிலிக்கன் உதவிகுருவாகி, பிறகு குருப்பட்டமும் பெற்றவர். சபையை மேய்க்கத் தமிழரால் முடியும் என்பதற்குக் கண்முன் நின்ற சாட்சி அவர்.

இக்காலத்தில் இடியும் விழுந்தது. 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் மதமாற்றத்துக்கு எதிரான கூட்டமைப்பு எழுந்தது. 1845இல் நல்லூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேகரங்கள் கஞ்சித் தொட்டிகளாக மாறின. பஞ்சத்தோடு ஆயிரக்கணக்கானோர் சபையில் சேரவும் செய்தனர். அதற்கு நடுவே 1877இல் மிஷனெரிகளான சார்ஜெண்டும் கால்டுவெல்லும் கல்கத்தாவில் அத்தியட்சர்களாக (பிஷப்புகளாக) அபிஷேகம் பெற்றனர். 1896இல் திருநெல்வேலி, தனி அத்தியட்சரின் கீழ் வரும் திருமண்டலமானது.

மிஷனெரிகளின் அறிக்கைகளில் குற்றவாளியாக நிற்பவர் ஒருவர்: நாசரேத்து அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்டவர். மிஷனெரியோடு ஏற்பட்ட மோதலால் வெளியேறி, 1857இல் வெளிநாட்டுப் பணமும் அதிகாரமும் வேண்டாத ஒரு தனிச் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்த சபை அது. நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் உண்டாக்கிய மனக்காயமும் அதன் பின்னணியில் இருந்தது. இதைக் கலகம் என்று எழுதி வைத்தது அநீதி. சொந்தக் காலில் நிற்கும் சபை வேண்டும் என்று பின்னால் எல்லோரும் பேசியதை முதலில் செய்து பார்த்தவர் அவர்.

நம்பி வாழ்வதைச் சொல்லும்போது கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனை விடலாகாது. ரேனியஸிடம் படித்த இவர், மிஷனெரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பயணம் செய்து, கடவுளை நம்பி வாழும் அவருடைய வழியை ஏற்றவர். குரோவ்ஸ் சம்பளம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். வாங்கினால், கூலிக்குப் பிரசங்கம் செய்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பது அவர் கூறிய காரணம். மேற்கு மலையடிவாரப் பக்கம் அவர் ஏற்படுத்திய சபை ஊர், உழுது உண்டு, விளைந்ததைப் பகிர்ந்து வாழ்ந்தது. 1860இல் அங்கே மூண்ட எழுப்புதல் தெற்கே திருநெல்வேலிச் சேகரங்களுக்கும் பரவியது.

ஆனால் சேகரங்கள் கொடுத்த பதில்களில் மிகப் பெரியது 1903இல் வந்தது. வெள்ளாளன்விளைச் சேகர குருவானவரின் மகனாக 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அங்குள்ள தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அது அவரை உறுத்தியது. நூறாண்டாகப் பெற்றுக்கொண்டே இருந்த திருநெல்வேலி, கொடுக்கத் தொடங்கவில்லையே! 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். தேர்ந்தெடுத்த களம், நிஜாம் அரசின் தோர்ணக்கல் பகுதி. மொழி தெலுங்கு, ஊர் தூரம், போகிறவருக்கு அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முதலில் போனவர் சாமுவேல் பாக்கியநாதன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உலை வைக்கும்போது அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டார்கள் சபைப் பெண்கள். அது ஆலயத்துக்கு வந்து, விற்று, காசாகி, வடக்கே போனது. அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சல், முதல் கருப்பட்டி, கோழி, முட்டை, வாழைத்தார் என்று வந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஒரு முருங்கைக்காய்க் கட்டை நாலு பேர் ஏலம் ஏற்றிக் கேட்பதும், எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைப்பதும் இன்றும் காணக்கூடியவை. தம் வீட்டுக் கலயமே பாதி நாள் காலியாக இருந்தவர்கள், பார்த்திராத ஊருக்காகப் பிடியரிசி எடுத்தார்கள்.

அசரியா தாமும் 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்கே போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல்முறை. அங்கே பெருந்திரளாகச் சேர்ந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியை அறிவியாவிட்டால் தமக்கு ஐயோ என்று உறுதி கூறும் முறையை அவர் அங்கே வழக்கமாக்கினார். பிடியரிசி அந்தத் தெலுங்குச் சபைகளிலும் வேரூன்றியது. 1945இல் அவர் இறந்தபோது தோர்ணக்கல், கொடுக்கும் திருமண்டலங்களில் ஒன்றாக இருந்தது.

சேகரத்தின் வாழ்வில் அசனத்துக்கும் ஓர் இடம் உண்டு. பண்டிகை நாளில் ஆலய வளாகத்திலேயே பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. வெளியூரில் பிழைப்பவர்களும் அதற்கென்று பஸ் ஏறி வருவார்கள். இந்தப் பந்தியிலும் சாதி விலகி உட்கார்ந்த காலம் உண்டு. கல்யாணப் பேச்சில் அது இன்னும் விலகவில்லை. சீஷத்துவத்துக்குச் சபை முழுதாகப் பதில் சொல்லாத இடம் இதுவே.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இச்சேகரங்கள் அதில் இணைந்தன. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. திருமண்டலத் தேர்தல்களும் வழக்குகளும் இப்போது செய்தித்தாளுக்கு அடிக்கடி தீனி போடுகின்றன. பிடியரிசிக் கலயத்தின் இடத்தைப் பல வீடுகளில் காணிக்கைக் கவர் பிடித்துவிட்டது. இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு வடமாநிலங்களில் ஊழியத்தைத் தொடர்கிறது.

மேலே சொன்ன வரலாற்றில் பெரும்பகுதி மிஷனெரிகளின் கடிதங்களிலிருந்து எழுதப்பட்டு வந்தது. உபதேசியார்களும் பிடியரிசி எடுத்த பெண்களும் ஞானஸ்நானப் பதிவேடு, கமிட்டிக் குறிப்பேடு, காணிக்கைக் கணக்கு ஆகியவற்றில் மட்டுமே பெயரளவில் இருக்கிறார்கள். அந்த ஏடுகள் பல ஆலயங்களின் அலமாரிகளில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. தங்கள் சபையில் அப்படி ஒன்று இருக்குமானால், கமிட்டியைக் கேட்டு அதைப் படியெடுத்து வையுங்கள்.