அலியன் போன வழி

சென்ற மாரியில் வன்னியின் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வயற்காவலில் இரவு தங்கினேன். நெல் குடலைப் பருவத்தில் நின்றது. பரணில் நாங்கள் மூன்று பேர். ஒரு மணி தாண்டியிருக்கும், காட்டோரத்தில் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. நான் டோர்ச்சைத் தூக்க, பக்கத்தில் இருந்த பெரியவர் கையை அழுத்திப் பிடித்தார். “பொறும் தம்பி. பழைய அலியன். போன கிழமையும் இந்தப் பக்கத்தாலைதான் வந்தவன்.”

அலியன் என்றால் கொம்பில்லாத ஆண் யானை. வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். சிங்களத்தில் அதையே அலியா என்பார்கள். அந்த இருட்டில் எனக்கு வேறோர் இடம் நினைவுக்கு வந்தது. 1697இல் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கொமாண்டராக இருந்த ஹென்ட்றிக் ஸ்வார்டெகுறூன் தனக்குப் பின் வருபவர்களுக்காக எழுதி வைத்த குறிப்பில் இதே சொல் வருகிறது. வன்னிப் பற்றுகளை ஆண்ட தலைவர்களான வன்னியர் ஆண்டுதோறும் கட்டவேண்டிய திறையை அவர் அலியன் கணக்கில்தான் எழுதியிருக்கிறார். பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, தென்னமரவடி என்று பற்றுப் பற்றாகப் பிரித்து, கடைசியில் மொத்தம் போடுகிறார்: 42½ அலியன்.

அந்த அரை யானையை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. காட்டில் அரை யானை கிடையாது. ஒரு மண்ணின் சுதந்திரத்தை ஒருவர் கணக்குப் புத்தகத்தில் பங்கு போட்டுத் தீர்க்கும்போதுதான் அப்படி ஒரு விலங்கு பிறக்கிறது. வன்னியரின் ஆட்சி யானையால் வாங்கப்பட்ட ஆட்சி. யானை போய்ச் சேரும் வரை பற்று அவர்களுடையது. யாழ்ப்பாண அரசர்களுக்கும், 1619க்குப் பிறகு போர்த்துக்கேயருக்கும், 1658க்குப் பிறகு ஒல்லாந்தருக்கும் அந்தக் காட்டிலிருந்தே யானை போனது. வாங்கிய கை மாறியது, வழி மாறவில்லை.

வழியைச் சொல்கிறேன். யானை பிடிப்பவர்கள் பணிக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில அரசின் அதிகாரியாக இங்கே இருந்த எமர்சன் டெனன்ட் அவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்தவர்கள். மரையின் தோலையோ எருமைத் தோலையோ முறுக்கித் திரித்த கயிறு ஒன்றுதான் ஆயுதம். இரண்டு பேர் காற்றுக்கு எதிராக ஊர்ந்து போய், யானையின் பின்னங்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். துவக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்தத் துணிவை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. பிடிபட்ட யானையைப் பழக்கி வடக்கே நடத்துவார்கள். காடு முடிந்து உப்புவெளி தொடங்கும் இடத்தில், குடாநாட்டையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமில்லாத கடலில் அவை இறங்கிக் கடக்கும். ஊர்ப் பெயரே அதனால் ஆனையிறவு. பிறகு யாழ்ப்பாணம். அங்கே முழக்கணக்கில் உயரம் அளந்துதான் விலை. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் வாங்கினார்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். முள்ளியவளைக் காட்டில் பாலை மரத்தில் முதுகு தேய்த்த ஒரு யானை, கோதாவரிக்கு அப்பால் ஏதோ ஒரு நவாபின் வாசலில் நின்று செத்திருக்கும்.

திறை கட்டியவர்களின் பெயர்களைப் பாருங்கள். டொன் பிலிப் நல்லமாப்பாணன். டொன் டியோகு புவிநல்லமாப்பாணன். முன்பாதி ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்கு, பின்பாதி பாட்டன் பூட்டனுக்கு. ஒரே பெயருக்குள் இரண்டு விசுவாசம். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெற்கே கண்டி, வடக்கே ஒல்லாந்தரின் யாழ்ப்பாணக் கோட்டை, நடுவில் காடும் குளமும். எந்தப் பக்கம் முழுதாகச் சாய்ந்தாலும் மறுபக்கம் வந்து குளக்கட்டை வெட்டிவிடும். அதனால் வன்னியர் யானையைத் தாமதித்தார்கள். நிலுவை ஏறிக்கொண்டே போனதாக ஸ்வார்டெகுறூன் குறைப்படுகிறார். கட்டமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள், கட்டவும் மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் அந்த நிலுவையின் நீளம்தான்.

1782இல் ஒல்லாந்தரின் பொறுமை முடிந்தது. தோமஸ் நாகல் என்ற லெப்டினன்ட் படையோடு வந்து வன்னியைப் பிடித்து, பிறகு அவரே அதன் நிர்வாகியானார். ஆனால் பதின்மூன்றே ஆண்டுகளில் ஒல்லாந்தரே ஆளப்படுபவர்களாகிவிட்டார்கள். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் எடுத்தார்கள், அடுத்த ஆண்டு கொழும்பும் விழுந்தது. ஒல்லாந்தரின் சம்பளத்தில் இருந்த டி மியூரன் என்ற சுவிஸ் றெஜிமென்ட், ஒப்பந்தம் ஒன்றினால் அப்படியே ஆங்கிலேயர் பக்கம் மாறிவிட்டது. நேற்றுவரை ஒரு கொடிக்குச் சத்தியம் செய்தவர்கள் இன்று இன்னொரு கொடிக்குக் கீழே. இரண்டு எசமானுக்கு நடுவே தலை குனிந்து வாழ்வது வன்னியருக்கு மட்டும் வந்த விதி இல்லை.

முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் காவலுக்குப் பொறுப்பாக இருந்தவரின் பெயரே அதைச் சொல்கிறது: கப்டன் வொன் டிறிபேர்க். ஆங்கிலப் பெயரே இல்லை, ஜெர்மானியப் பெயர். 1803 யூனில் கண்டியில் ஆங்கிலேயரின் மேஜர் டேவியின் படை அழிந்தது. அங்கே இருந்த மலாய்ப் படையாளர் பலர் கண்டி மன்னன் பக்கம் சேர்ந்தார்கள். சேர மறுத்த அவர்களுடைய கப்டன் நூர்டீன் கொல்லப்பட்டார். அதன் பின், ஓகஸ்ட் 25ஆம் திகதி, வன்னித் தலைவன் பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினார். வன்னியனின் ஆட்கள் வடக்கே ஆனையிறவு வரை போனார்கள்.

ஆனையிறவு வரை! வரலாற்றில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் சற்று நிற்பேன். தலைமுறை தலைமுறையாகத் திறை யானை தலை குனிந்து நடந்த அதே வழியால், திறை கட்ட மறுத்தவன் நடந்து போயிருக்கிறான்.

இரண்டு மாதம்தான். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. ஒக்டோபர் 31 விடியற்காலையில் வொன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனை எதிர்பாராத நேரத்தில் மடக்கினார். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட அந்த இடத்தில் பிறகு ஒரு கல் நாட்டப்பட்டது. வொன் டிறிபேர்க் இங்கே, இதற்கு அண்மையில், பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல். வென்றவனைப் புகழ வைத்த அந்தக் கல்லுக்குத்தான் எங்கள் சனம் மாலை போட்டது. தோற்றவனின் பெயர் அதில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

யானைக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் கதையின் கொடிய பகுதி இனித்தான். வன்னியன் இல்லை, அதனால் திறையும் இல்லை. ஆங்கிலேயருக்கு யானை ஒரு சந்தைப் பொருளாகவும் முன்போலத் தேவைப்படவில்லை. 1840இல் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை என்று கொள்ள வழி செய்தது. உறுதி இல்லாதவன் கையில் எதுவும் இல்லை. சேனை வெட்டியவன் தன் பாட்டன் வெட்டிய காட்டிலேயே அத்துமீறியவன் ஆனான். 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்து ஒரு கட்டு அவிழ்ந்திருந்தது உண்மைதான். ஆனால் நெல் வரி 1892 வரை நின்றது. கட்டு அவிழ்ந்தவனுக்குக் கால் வைக்க நிலம் முடியிடம் கேட்டுத்தான்.

அந்தக் காட்டின் யானைக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் வைத்தது. சுடுகிறவனுக்குச் சில சிலிங். டெனன்ட் தரும் கணக்கு: 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 42½ஐ ஆண்டுதோறும் கேட்டு நச்சரித்த காலத்தில் காட்டை யாரோ காத்தார்கள், அடுத்த ஆண்டுத் திறைக்கும் யானை வேண்டுமே. 3,500 என்ற எண்ணில் அந்தக் கவலை இல்லை. ஒல்லாந்தனின் கணக்கில் அரையாகவாவது இருந்த உயிர், இங்கே செலவுப் பத்தியில் ஒரு வரி. பணத்துக்குச் சுட்டவர்களும் உள்ளூர் ஆட்கள்தான். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பயிரை யானை தின்கிறது, சிலிங்கைக் கச்சேரி தருகிறது, வரியைக் கச்சேரியே கேட்கிறது. அந்த மூன்றுக்கும் நடுவில் நின்றவன் கையில் துவக்கைக் கொடுத்தால் என்ன செய்வான்?

1937இல் வந்த வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் யானைக்கு வேறு இடம் கொடுத்தது. இப்போது கொல்லக்கூடாது. வெடி கொளுத்தலாம், மின்வேலி போடலாம், பரணில் விழித்திருக்கலாம். போர்க்காலத்தில் வயல்கள் காடேறின, யானை அவற்றைத் தன் இடமாக எடுத்துக்கொண்டது. சனம் திரும்பி வந்து காட்டை வெட்டி நெல் விதைத்தபோது, பழைய வழியில் வந்து நின்றது அலியன். வேலி யாருடையது, காணி யாருடையது, காடு யாருடையது என்ற கேள்விகள் முல்லைத்தீவில் இன்றும் கச்சேரி மேசைகளில் இருக்கின்றன.

அன்று இரவு வெடி மூன்று கொளுத்தினோம். அவன் அவசரப்படவில்லை. வரம்போடு நடந்து, ஒரு துண்டை மிதித்துவிட்டுக் குளக்கட்டுப் பக்கம் போய்விட்டான். விடிந்ததும் இறங்கிப் பார்த்தோம். சேற்றில் முன்னங்காலின் சுவடு, தட்டம்போல, உள்ளே தண்ணீர் ஊறியிருந்தது. பெரியவர் மாட்டுக் கயிற்றை எடுத்து அதன் விளிம்போடு சுற்றி வைத்தார். சுவட்டின் சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் என்பது அவர் தகப்பனிடம் கற்றது. கயிற்றை நிமிர்த்தி முழங்கையால் அளந்தார்.

“மூண்டு முழம்” என்றார். “ஆள் ஆறு முழம்.”

கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, மிதிபட்ட நெல்லை நிமிர்த்தக் குனிந்தார்.