பின்சீட்டின் குளிர்: பழைய கார்களுக்குள் ஏ.சி. நுழைந்த கதையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பஞ்சத்துக்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள், புயலுக்கு எழுதியிருக்கிறார்கள். வெயிலுக்கு எழுதியவர்கள் நம்மிடையே குறைவு. வெயில் இயற்கை, அது எல்லார் மேலயும் ஒரே மாதிரி அடிக்குது என்று விட்டுவிடுகிறோம். ஒரே மாதிரியா அடிக்கிறது? நிழல் யாருக்கு, காற்று யாருக்கு, வியர்வை யாருக்கு என்பதை ஒவ்வொரு காலமும் தன் கருவிகளைக் கொண்டு பங்குபோட்டிருக்கிறது.

காலனிய காலத்துக் கச்சேரிகளில் தொங்கிய பங்காவை எடுத்துக்கொள்வோம். துணிப்பலகை அறைக்கு உள்ளே. அதை ஆட்டும் கயிறு சுவரில் ஓட்டை வழியாக வெளியே போகும். கயிறு இழுப்பவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். துரைக்கு அவர் முகம் தெரியவேண்டியதில்லை, காற்று வந்தால் போதும். 1833-ல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அதற்கென்றே ஒரு கட்டடம் எழும்பியது. இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்கக் குளத்தில் உறைந்த நீர் பாதி உலகத்தைச் சுற்றிவந்து இங்கே சிலருடைய கோப்பைக்குள் கரைந்தது. குளிர்ச்சி என்பது எப்போதும் வேறு யாரோ ஒருவரின் உழைப்போடும் வெக்கையோடும் கட்டப்பட்டே வந்திருக்கிறது. நான் இங்கே பேச விரும்புவது இந்தக் கதையின் பிற்காலத்து அத்தியாயம் ஒன்றை. ஏ.சி.க்காகச் செய்யப்படாத காரில் ஏ.சி. பொருத்திய கதை. பட்டறை சமாச்சாரம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

2

கம்பெனியே ஏ.சி. வைத்துக்கொடுத்த முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்ட். 1939-ல் காட்டி, 1940 மாடலாக விற்றார்கள். காரின் விலைக்கு மேல் 274 டாலர். அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. குளிர்ப்பெட்டியும் விசிறியும் பின்சீட்டுக்குப் பின்னால். குளிர்காற்று முதலில் பின்சீட்டில் இருப்பவரின் பிடரியில் விழும். வண்டி ஓட்டுபவருக்கு மிச்சம்மீதி. கம்ப்ரசரை நிறுத்த கிளட்ச் கிடையாது, ஏ.சி. வேண்டாமென்றால் இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தக் காரை வாங்கக்கூடியவர் தானே இறங்கிப் பெல்ட் கழற்றுபவர் இல்லை என்பதை அந்த எந்திரம் சொல்லாமல் சொல்கிறது. இரண்டு வருடத்தில் அதைக் கைவிட்டார்கள்.

1953-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்சும் திரும்பக் கொண்டுவந்தபோதும் குளிர்ப்பெட்டி டிக்கியில்தான். 1954-ல் நாஷ் கம்பெனி மொத்தச் சாதனத்தையும் முன்பக்கம், பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் அடக்கியது. (அந்த மாடல்களில் ஒன்றின் பெயரும் அம்பாசடர் என்பது தற்செயல்.)

ஆனால் பரவலாக்கம் பெரிய கம்பெனிகளால் மட்டும் நடக்கவில்லை. டெக்சாஸ் வெயிலில், டல்லஸ், ஃபோர்ட்வொர்த் நகரங்களில் முளைத்த சிறு கம்பெனிகள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காரின் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் பெட்டிகளைச் செய்தன. எந்தக் காருக்கும், எந்தப் பட்டறையிலும் மாட்டலாம். 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக்கார்களில் பாதிக்கு மேல் ஏ.சி. இருந்தது. தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் நமக்குச் சொல்லப்படும் பெருங்கதையாடலில் கண்டுபிடிப்பாளனும் கம்பெனியும்தான் நாயகர்கள். ஒட்டுப்போட்டவன், வெல்டு வைத்தவன், மாட்டிக்கொடுத்தவன் அடிக்குறிப்புக்குக்கூட வருவதில்லை.

3

இனி நம் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை எடுத்து 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். குளிர்நாட்டில் வரைந்த வண்டி. அதுதான் சித்திரை வெயிலிலும் இந்தியாவின் அதிகார வாகனமாக அரை நூற்றாண்டு ஓடியது. உற்பத்தி நின்றது 2014-ல். வெள்ளைப் பெயிண்ட், சீட்டில் வெள்ளைத் துண்டு, ஜன்னலில் திரை, பின்சீட்டைப் பார்த்துத் திருப்பிவைத்த சின்ன மின்விசிறி. இவ்வளவுதான் ஆரம்பகாலக் குளிர்பதனம். ஏ.சி.யை ஆடம்பரம் என்று வகைப்படுத்திக் கடுமையான கலால்வரி போட்ட அரசின் அதிகாரிகள், அமைச்சர்கள் வண்டிகளில்தான் பிறகு ஏ.சி. ஏறியது என்பதை ஒரு பக்கம் குறித்துக்கொள்வோம்.

பொருத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. கம்ப்ரசர் உட்கார எஞ்சினில் இடமே கிடையாது. கனத்த பிளேட்டை அறுத்து, துளைபோட்டு, வெல்டு வைத்து ஒரு பிராக்கெட் செய்ய வேண்டும். அது கொஞ்சம் கோணலானாலும் பெல்ட் தின்றுபோகும். கிராங்க் புல்லியில் ஒரே காடி; இன்னொரு காடி உள்ள புல்லி கடைந்து மாட்டணும். கன்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்ததும் ரேடியேட்டருக்குப் போகும் காற்று சூடாகிவிடும். சிக்னலில் நின்றால் முள் மேலே ஏறும். அதனால் ரேடியேட்டர் கோரைப் பெரிசாக்கி, தனியாக ஒரு மின்விசிறியும் வைப்பார்கள். பழைய வண்டியில் இருந்த டைனமோ இந்தச் சுமையைத் தாங்காது, ஆல்டர்னேட்டர் மாற்றணும். 1489 சிசி எஞ்சினுக்கு மொத்தமே சுமார் 50 குதிரைத்திறன். அதில் சிலதைக் கம்ப்ரசர் பிடுங்கிக்கொள்ளும். ஏ.சி. போட்டா வண்டி இழுக்காது என்று ஓட்டுநர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். கிளட்ச் பிடிக்கும்போது எஞ்சின் அணையாமலிருக்கக் கார்புரேட்டரில் தனி ஏற்பாடு. அப்புறம் ஓட்டையடைப்பு: கியர் கம்பி, பெடல் துவாரம், கதவு ரப்பர், கூரைக்குள் ஃபெல்ட். வெளிக்காற்று நுழைய என்று இங்கிலாந்துக்காரன் வைத்த முன்கதவு முக்கோணக் கண்ணாடியும் நிரந்தரமாகச் சாத்தப்பட்டது.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளும் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்துகளும் இப்படிப்பட்ட அறிவின் களஞ்சியங்கள். கழித்துப்போட்ட ஒரு வண்டியின் கம்ப்ரசர், இன்னொன்றின் கன்டென்சர், உள்ளூரில் பிடித்த குழாய். மூன்றும் சேர்ந்து ஒரு நான்காவது காரைக் குளிரவைக்கும். வரைபடம் கிடையாது. கம்ப்ரசரைத் தொட்டுப்பார்த்து, குழாயின் ஜில்லிப்பை விரலால் அளந்து, சத்தத்தைக் கேட்டு கேஸ் போதுமா என்று சொல்லும் அறிவு அது. பொறியியல் கல்லூரியின் பாடத்திட்டத்துக்கு வெளியே, பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடிக்காத பையன்களின் கையில் வளர்ந்த அறிவு. இதை ‘ஜுகாட்’ என்று வடக்கே செல்லமாக அழைத்து மேலாண்மைப் புத்தகங்கள் எழுதினார்கள். கொண்டாட்டம் மேலாண்மைக்கு, கரி பையனுக்கு.

4

இந்தக் கதைக்கு வானத்தில் ஒரு கிளை இருக்கிறது. பழைய கார் ஏ.சி.களில் ஓடியது ஆர்-12. அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1920களின் முடிவில் உண்டாக்கிய குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களில் ஒன்று. விஷமில்லை, தீப்பிடிக்காது என்று கொண்டாடப்பட்டது. இவை மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974-ல். மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-ல்.

இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. தூக்கிக் காற்றில் விட்டது பெரும்பாலும் பணக்கார நாடுகள், மாற்று வாயுவின் காப்புரிமையும் அவர்களிடமே, நாங்கள் எதற்கு விலை கொடுக்கணும் என்ற வாதம் நியாயமானது. மாற்றத்துக்கான செலவுக்குப் பன்னாட்டு நிதி ஒன்றை 1990-ல் லண்டனில் ஒத்துக்கொண்ட பிறகே இந்தியா 1992-ல் சேர்ந்தது. நம் மேட்டூர் உட்பட இந்தியாவில் இந்த வாயுக்களைச் செய்த ஆலைகளுக்கு உற்பத்தியைக் குறைக்க ஈடு கிடைத்தது. 2008 ஆகஸ்டில், ஆஸ்துமா இழுப்பான்களுக்கான விலக்கு தவிர, உற்பத்தி நின்றது.

பட்டறைக்கு என்ன கிடைத்தது? சில ஊர்களில் பயிற்சி முகாம்கள் நடந்தன, சில கருவிகள் தரப்பட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றாடம் வேறு. பழைய வண்டியின் ரப்பர் குழாயில் கசிவு இயல்பு. வருஷத்துக்கு ஒருதரம் கேஸ் ஏற்றணும். ரிப்பேர் என்றால் இருக்கும் கேஸைத் திறந்துவிட்டுத்தான் குழாயைக் கழற்றுவார்கள். அதைத் திரும்பப் பிடித்துவைக்கும் எந்திரத்தின் விலை ஒரு சின்னப் பட்டறையால் நினைத்துப்பார்க்க முடியாதது. உலகின் வானத்துக்கு ஓட்டை போட்ட குற்றவாளியாகக் கடைசியில் புகைப்படத்துக்குக் கிடைப்பவன் இந்தப் பையன்தான். ஆலை வைத்தவருக்கு ஈடு, குழாய் கழற்றியவனுக்கு உபதேசம்.

ஆர்-12 அரிதானதும் பழைய கார்களுக்கு இரண்டாவது ஒட்டுவேலை வந்தது: ஆர்-134ஏ-க்கு மாற்றுவது. இந்த வாயுவோடு பழைய கனிம எண்ணெய் கலக்காது. எண்ணெயை வடித்து வேறு ஊற்றணும். டிரையர் மாற்றணும், ஓ-ரிங்குகள், கசிவு குறைந்த குழாய்கள், வேறு அளவு வால்வு முனை. அழுத்தம் கூடுதலென்பதால் பழைய கன்டென்சர் போதாமல் போய், மறுபடி குளிர்ச்சி பத்தலை என்ற புகார். இவ்வளவுக்கும் பிறகு, ஆர்-134ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவானது என்றார்கள். அதையும் குறைக்க 2016-ல் கிகாலி திருத்தம். இந்தியா ஏற்றது 2021-ல். காருக்குள் குளிர், காருக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெக்கை. கன்டென்சர் தெருவில் கக்கும் சூட்டை நடந்துபோகிறவர் முழங்காலில் உணர்வார்.

5

ஏ.சி. வந்ததும் கண்ணாடி ஏறியது. தொழில்நுட்பத் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறிய கண்ணாடி ஒரு சமூக எல்லையாகவும் வேலைசெய்தது. வெயில் படாமலிருக்க ஒட்டிய கறுப்புப் பிலிம் உள்ளே இருப்பவரை மறைத்தது. அவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர் அவரைப் பார்க்க முடியாது. கண்காணிப்பு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அது சிக்னலில் நம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. உச்சநீதிமன்றம் 2012-ல் பிலிமைத் தடைசெய்தது. சிவப்பு விளக்கு 2017-ல் போனது. கண்ணாடி இறங்கவில்லை.

ஒரே வண்டிக்குள் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் இரண்டு வானிலை. உள்ளே சாருக்குக் கூட்டம், வெளியே மரத்தடியில் டிரைவர். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்தால் பெட்ரோல் கணக்கு உதைக்கும். சார் வரும் நேரம் பார்த்து முன்கூட்டியே வண்டியைக் குளிரவைக்கத் தெரிந்தவர்தான் நல்ல டிரைவர். பேக்கார்டின் பின்சீட்டிலிருந்து இதுவரை பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

மாறிய ஒரு தருணத்தைச் சொல்லணும். 2024 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஆப் வழி டாக்ஸி ஓட்டுகிறவர்கள் சங்கமாக முடிவெடுத்து ஏ.சி.யை அணைத்தார்கள். நீங்க தர்ற கட்டணத்துக்கு எரிபொருளே கட்டுப்படியாகலை, ஏ.சி. வேணும்னா கூடக் கொடு என்பது கோரிக்கையின் சாரம். கம்ப்ரசர் பிடுங்கும் குதிரைத்திறன் யார் சட்டைப்பையிலிருந்து போகிறது என்று பயணிக்குத் தெரிந்தது அன்றுதான். இங்கே பயணிகளில் பலர் நம்மைப் போன்றவர்கள், முற்போக்காளர்கள் என்பதையும் மறக்கவேண்டாம். அவர்களுக்கு எத்தனை நட்சத்திரம் போட்டோம் என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளலாம்.

இதோடு லாரியை வைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் லாரியைப் பெரும்பாலும் வெறும் சேசிஸாகவே விற்றார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் மரமும் தகடும் வைத்து கேபின் கட்டினார்கள். எஞ்சினின் மூடி கேபினுக்கு உள்ளேயே டிரைவரின் முழங்கைக்குப் பக்கத்தில் கொதிக்கும். வெளியே மே மாதம், உள்ளே உலை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதுச் சரக்குவண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2025-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பேக்கார்டின் பின்சீட்டுக்குக் குளிர் வந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து.

விதி புதிய வண்டிக்கு மட்டும். சாலையில் ஓடும் பழைய லாரிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏற்கெனவே ஓடுகிற வண்டியில் ஏ.சி. பொருத்துவது கஷ்டம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. எஞ்சினில் இடமில்லாத அம்பாசடரில், பின்சீட்டில் ஒருவர் வியர்க்கக்கூடாது என்பதற்காக, பிளேட்டை அறுத்து, புல்லி கடைந்து, டைனமோவைத் தூக்கிப்போட்டுப் பொருத்திக் காட்டிவிட்டார்கள். கைகள் புதுப்பேட்டையிலும் சங்ககிரியிலும் இருக்கின்றன. காசை யார் போடுவது என்ற ஒரு கேள்விதான் பாக்கி. லாரி உரிமையாளரா, சரக்கு அனுப்பும் கம்பெனியா, அரசா? தொழிற்சங்கங்கள் படிக்காசு, பேட்டா, மாமூல் கொடுமை பற்றிப் பேசுகிற மேடையில் கேபினின் சூட்டையும் ஒரு கோரிக்கையாக எழுதியாக வேண்டும். வெயிலைப் பங்குபோடுவது அரசியல் என்றால் குளிரைப் பங்கு கேட்பதும் அரசியல்தான்.