அங்கணம் முதல் சிங்க் வரை

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவி நீர் கொட்டும் இடத்துக்கு அங்கணம் என்று பெயர். சொல் மிகப் பழையது. தகுதியற்றவர்கள் கூடிய அவையில் பேசுவதை அங்கணத்தில் கொட்டிய அமிழ்தத்தோடு ஒப்பிடுகிறது 720ஆம் குறள். அழுக்கு நீர் சேரும் இடம் என்ற பொருள் அன்றே இருந்திருக்கிறது. வஞ்சி நகரின் அகழியை வருணிக்கும் மணிமேகலை, வீடுகளில் குளித்த நீர் சுருங்கைத் தூம்பு வழியே வந்து அதில் கலப்பதைச் சொல்கிறது. சுருங்கை என்பது மூடிய நிலத்தடி வழி. ஒன்றின் வாயில் மற்றொன்று பொருந்தும்படி செய்த சுடுமண் குழாய்கள் கீழடி அகழாய்வில் கிடைத்துள்ளன. மூடிய வடிகால் இங்கே புதிய சங்கதி அல்ல.

சாதாரண ஓட்டு வீட்டில் அமைப்பு இன்னும் எளியது. அடுப்படியின் ஒரு மூலையைத் தரையைவிட நாலு விரல் தாழ்த்தி, கருங்கல் பலகை பதித்து, சுற்றிலும் சிறு வரம்பு கட்டியிருப்பார்கள். சுவரின் அடியில் ஒரு துவாரம். அதைத் தாண்டினால் ஜலதாரை. அது முடியும் இடத்தில் வாழை மரம். அடைத்துக்கொண்டால் ஒரு கம்பை விட்டுக் குத்தினால் போதும். இணைப்பும் கிடையாது, வாஷரும் கிடையாது. கழிவு எங்கே தேங்கினாலும் எல்லார் கண்ணிலும் பட்டது, நாற்றமும் உடனே எட்டியது. அந்த எளிமையின் பெரிய பலம் இதுதான்: பழுது ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அங்கணத்தில் என்ன போயிற்று என்பதும் முக்கியம். அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் அங்கே போகவில்லை. கொல்லைப்புறம் கழுநீர்ப் பானை ஒன்று இருக்கும். காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, கஞ்சி எல்லாம் அதில் சேர்ந்து புளித்து, சாயங்காலம் மாட்டுக்குப் போகும். மாடு இல்லாத வீட்டுக் கழுநீரை மாடு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். பாத்திரம் துலக்கப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும். ஆகவே வாழையடிக்குப் போனது பெரும்பாலும் சாம்பல் கலந்த நீர்தான்.

பழுது பார்க்கவும் ஒரு பருவம் இருந்தது. மழைக்கு முன், கோடையில் ஓடு பிரித்து மாற்றுவார்கள். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்கள். கொத்தனார் வீட்டுக்குள் வந்துவிட்டால் அங்கணத்துக் கல் இடுக்கில் உதிர்ந்த சுண்ணாம்பையும் அதே கையோடு பூசிவிடுவார். தனியாக ஆள் தேட வேண்டிய வேலையாக அது இல்லை.

நகரத்துப் பாதாளச் சாக்கடை இந்த ஏற்பாட்டை மாற்றியது. 1961இல் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள் என்ற கணக்கில் சென்னையின் கழிவுநீர்த் திட்டம் 1910இல் வரையப்பட்டது. வீட்டுக் குழாய் தெருச் சாக்கடையோடு சேர்ந்ததும் அங்கிருந்து வாயு வீட்டுக்குள் ஏறும் ஆபத்து வந்தது. அதற்கு மருந்தாக அமைந்தது டிராப் எனப்படும் வளைவு. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பறை அமைப்பில் இந்த வளைவு இருந்தது. வளைவில் எப்போதும் நிற்கும் சில அங்குல நீரே வாயுவை மறிக்கும் கதவு. நம் ஊர்க் கொத்தனார்கள் வாயில் புழங்கும் நானி டிராப், கல்லி டிராப், சிங்க்கின் அடியில் தொங்கும் பாட்டில் டிராப் எல்லாம் இதே தத்துவம்தான். வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டைச் சணல் திணித்து, ஈயம் உருக்கி ஊற்றி அடைத்தார்கள். பிறகு பிவிசி வந்தது. மூட்டுக்குப் பசையும் ரப்பர் வாஷரும் போதும் என்றாயிற்று.

நின்றபடி சமைக்கும் மேடை வந்தபோது அங்கணம் இடுப்பு உயரத்துக்கு ஏறி சிங்க் ஆனது. குழாய் கதவுக்குப் பின்னால் மறைந்தது. மாடில்லாத வீட்டில் கஞ்சியும் அதில்தான் கொட்டப்படுகிறது. கொதிக்கும் கஞ்சி பிவிசியை இளக்குகிறது. ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து உள்சுவரில் பசைபோல ஒட்டுகிறது. வாஷர் காய்ந்து விறைக்க, சிங்க்கின் துளையில் பொருந்திய வேஸ்ட் கப்ளிங்கின் அடியில் சொட்டு தொடங்குகிறது. அங்கே ஒரு வாளி வைக்கப்படுகிறது. வாளி நிரம்பினால் கொட்டிவிடலாம் என்பதால் நாள் தள்ளிப்போகிறது; அதற்குள் அலமாரியின் பிளைவுட் உப்பி, சுவரில் ஓதம் ஏறி, அடுக்குமாடியானால் கீழ்வீட்டுக் கூரையில் கறை விழுகிறது.

வேலை என்னவோ அரை மணி நேரத்துக்குள் அடங்குவது. வாளியை அடியில் வைத்து, டிராப்பின் நட்டைக் கையால் திருகிக் கழற்றி, படிந்த பசையைச் சுரண்டி, வாஷரை மாற்றி, மறுபடி கையாலேயே இறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை பிளந்துவிடும். முகம் கழுவும் பேசினின் குழாய் பெரும்பாலும் ஒண்ணேகால் அங்குலம், சிங்க்கின் குழாய் ஒன்றரை அல்லது இரண்டு. ஒன்றின் வாஷர் மற்றொன்றுக்குச் சேராது என்பதால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குப் போகிறார்கள்.